ஏழாம் பெட்டியின் மேல் ஈரச்சாக்கு

பதினான்கு பெட்டிகள் அவள் பொறுப்பில் இருந்தன. பெட்டி என்று பேர்தானே தவிர, பார்ப்பதற்கு வெள்ளைத் தட்டுகளைக் கவிழ்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கம்பத்தில் செருகியது போலிருக்கும். ஆள் உயரக் கம்பம். தட்டுகளுக்கு நடுவே, காற்று புகுந்து போகிற இடத்தில், சுண்டுவிரல் அளவுக்கு ஓர் உணரி. அது காற்றின் சூட்டையும் ஈரத்தையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து அவள் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு அனுப்பும். மாதம் ஒருமுறை அவள் போய்த் தட்டுகளைத் துடைத்து, சிலந்தி வலையை எடுத்து, பேட்டரியைப் பார்த்து, படம் பிடித்து, கைப்பேசியில் இருக்கும் படிவத்தை நிரப்பிவிட்டு வரவேண்டும். தோட்டக்காரர்கள் அவளைப் பெட்டிக்காரி என்று கூப்பிட்டார்கள். "டாக்டரம்மா வந்தாச்சு, பெட்டிக்கு நாடி பார்க்க" என்று கிண்டலும் உண்டு. அவளுக்கு அது பிடித்திருந்தது.

அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அப்பா ஒரு மருத்துவமனையில் லிப்ட் இயக்குபவர். "தினம் நூறு தடவை மேல போறேன், சாயங்காலம் பார்த்தா தரைத்தளத்துலதான் நிக்கறேன்" என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிச் சிரித்துக்கொள்வார். அம்மா இல்லை. அக்கா ஒன்பதாம் வகுப்போடு நின்று தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். "நீ படிச்சா நாம ரெண்டு பேரும் படிச்ச மாதிரி" என்று அக்கா எப்போதோ ஒருமுறை, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, பெரிதாக எதுவும் நினைக்காமல் சொன்னாள். சின்னவள் அதை மறக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தத் தேர்வில் மதிப்பெண் குறைந்தாலும் இரண்டு பேருக்கும் சேர்த்துக் குறைந்ததாகத் தோன்றும். 'தெரியாது' என்ற சொல் அவள் வாயில் வராமல் போனது அப்படித்தான். 'தப்புப் பண்ணிட்டேன்' என்பது அதைவிட வராது.

ஏழாம் பெட்டி தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே நின்றது. இருபத்திரண்டு தோட்டங்கள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. தக்காளி பூத்திருக்கும்போது அனல் அடித்தால் பூ காம்போடு முறிந்து கொட்டிவிடும். பூ கொட்டினால் காய் கிடையாது. அதனால்தான் செடிகளுக்கு மேலே குழாய் ஓட்டி, புகை மாதிரித் தண்ணீரைத் தூவும் தெளிப்பான்களைப் பொருத்தியிருந்தார்கள். முதல் வருடம் யாருக்கு எப்போது புழுங்கியதோ அவரவர் திறந்துகொண்டார்கள். பத்தே நாளில் தொட்டி தரை தட்டியது. வாய்ச்சண்டை கைகலப்பாகி ஒருவருக்குப் பல் போனது. அதன்பிறகு எல்லோரும் சங்கமாகச் சேர்ந்து உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். தொட்டியின் வால்வைப் பூட்டிவிடுவது. சாவி யார் கையிலும் இருக்கக் கூடாது. பெட்டி முப்பத்தெட்டு டிகிரி என்று சொன்னால் வால்வு தானே திறக்கும்; இருபத்திரண்டு பேரின் போனும் அடிக்கும்; எல்லாத் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் கால் மணி நேரம் தெளிக்கும். "மனுஷனுக்கு மச்சான் உண்டு, மாமன் உண்டு. பெட்டிக்கு யாரு இருக்கா?" என்று அன்று ஒருவர் கேட்டதற்கு எல்லோரும் கை தட்டினார்களாம். மூன்று கோடை அப்படியே போயின. வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் பெட்டி சொல்லட்டும் என்று காத்திருக்க அவர்கள் பழகியிருந்தார்கள்.

கம்பத்தை யார் நிலத்தில் நடுவது என்று பேச்சு வந்தபோது ஆளாளுக்கு வானத்தைப் பார்த்தார்கள். நான்கு செடி வைக்கிற இடம் போய்விடுமே. குடையம்மா மட்டும், "என் இடத்துல நிக்கட்டும், அது என்ன சோறா கேக்கப் போகுது" என்றார். ஐம்பது வயதுப் பெண்மணி, தனி ஆளாக அரை ஏக்கர் பார்க்கிறவர். கக்கத்தில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை இருக்கும்; வெயிலிலும் விரிக்க மாட்டார், மழையிலும் விரிக்க மாட்டார். கேட்டால், "வீணாப் போயிடும்" என்பார்.

கோடை தொடங்குவதற்கு முன்னால் பம்ப் அறையில் ஒரு கூட்டம் போட்டு, பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று பெட்டிக்காரி விளக்கினாள். "இதுமேல நேரா வெயில் படக் கூடாதுங்க. பட்டா இதுவே சூடாகி, காத்தோட சூட்டைத் தப்பாச் சொல்லிடும். அதுக்குத்தான் இந்த வெள்ளைத் தட்டு." தட்டு மட்டும் போதும், வேறு எதையும் மேலே போடக் கூடாது, காற்று தடையில்லாமல் வந்துபோக வேண்டும் என்ற மறுபாதியைச் சொல்லப் போகும்போது தேநீர் வந்தது. எல்லோரும் தம்ளரைப் பார்த்துத் திரும்பினார்கள். அவளும் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் அவள் ஏழாம் பெட்டிக்குப் போனபோது, கம்பத்தின் தலையில் ஒரு சாக்கு போர்த்தியிருந்தது. நனைத்த சாக்கு. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இதென்னக்கா?"

"பாவம், நாள் பூரா வெயில்ல நிக்குது. நீதானே சொன்ன, அதுமேல வெயில் படக் கூடாதுன்னு? தட்டு பிளாஸ்டிக்கு, எவ்வளவு தாங்கும்? அதான் சாக்கு போட்டேன். தினம் மூணு வேளை நனைச்சு விடறேன்."

பெட்டிக்காரிக்குச் சிரிப்பு வந்தது. மற்ற பெட்டிகளின் கதை அவளுக்குத் தெரியும். ஒன்றில் ஆட்டைக் கட்டியிருப்பார்கள். ஒன்றில் சட்டை காயும். ஒன்றுக்குக் கல்யாண விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். தன் பெட்டி ஒன்றை இன்னொருவர் பிரியமாகப் பார்த்துக்கொள்வதை அவள் அன்றுதான் பார்த்தாள். சாக்கை எடுத்து ஓரமாகப் போட்டாள். தட்டுகளைத் துடைத்தாள், பேட்டரியைப் பார்த்தாள், படம் பிடித்தாள். அவள் திரும்புவதற்குள் குடையம்மா சாக்கை வாளியில் முக்கி, பிழிந்து, உதறி, பழையபடி பெட்டியின் மேல் போர்த்திவிட்டார். குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி இரண்டு பக்கமும் இழுத்துவிட்டார்.

"சரியாத்தானே பண்றேன்? படிச்ச பொண்ணு, பார்த்துச் சொல்லு."

ஈரத்துணி சுற்றிய வெப்பமானி குறைவாகக் காட்டும். கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் அதைப் பற்றி ஒரு கேள்வியே வந்தது. அவள் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். காய்ந்த காற்றில் ஏழெட்டு டிகிரிகூட இறங்கும். இப்போது சொன்னால் இந்த முகம் சுருங்கிப் போகும். 'நீ சொன்னதைத்தானே செஞ்சேன்' என்பார். அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்தது யார் என்ற பேச்சு வரும். ரோட்டில் பஸ் வருகிற சத்தம் வேறு.

"நல்லாத்தான் இருக்குக்கா" என்றாள்.

அடுத்த தடவை வரும்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பஸ்ஸில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். 'கருவியின் மேல் அல்லது சுற்றிலும் தடை ஏதும் உண்டா?' என்ற கேள்வி வந்தது. அந்த இடத்தில் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு 'இல்லை' என்று தட்டிவிட்டது.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, அனல் வந்தது.

அன்றும் மறுநாளும் பெட்டிக்காரி வேறு திசையில், மூன்றாம் பெட்டிப் பக்கம் இருந்தாள். வெயில் காதுமடலைச் சுட்டது. செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றே காலுக்கு வானொலியிடமிருந்து போன். வானொலி என்பது குடையம்மாவுக்குப் பக்கத்துத் தோட்டக்காரர். நிறுத்தாமல் பேசுகிறவர் என்பதால் அந்தப் பட்டம்.

"என்னம்மா பெட்டிக்காரி, உன் பெட்டிக்கு என்ன, தூக்கமா? நேத்திலிருந்து ஒரு போன் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. இங்க என் செருப்பு தார்ல ஒட்டிக்கிச்சு, நான் வெறுங்காலோட வீடு வந்து சேர்ந்தேன். என் பொண்டாட்டி சிரிக்கிறா. எவ்வளவு காட்டுது?"

அவள் போனில் பார்த்தாள். அவளுடைய பதினான்கு பெட்டிகளும் வரிசையாக வந்தன. நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பது, நாற்பத்தொன்று. ஏழாம் பெட்டி மட்டும் முப்பத்து நான்கு.



"முப்பத்து நாலு காட்டுதுண்ணே" என்றாள்.

"முப்பத்து நாலா? அது பெட்டிக்குள்ள ஏசி போட்டு உட்கார்ந்திருக்கா என்ன?"

"நான்... பார்த்துட்டுச் சொல்றேண்ணே."

போனை வைத்தாள். குடையம்மாவின் எண் அவளிடம் இருந்தது. 'அக்கா, அந்தச் சாக்கை எடுத்துடுங்க' என்று நாலு வார்த்தை சொன்னால் முடிந்தது. பத்து நிமிடத்தில் பெட்டி நாற்பத்தொன்று என்று சொல்லும், வால்வு திறக்கும். எண்ணை எடுத்துத் திரையில் வைத்துக்கொண்டு நின்றாள். சாக்கு இருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால்? திடீரென்று ஏழு டிகிரி ஏறினால் அலுவலகத்தில் மேலாளர் சார் பார்ப்பார். படிவத்தைத் திறப்பார். 'இல்லை' என்று தட்டியது அங்கே இருக்கும். அதைவிட, நாளைக்கு நேரில் போய், யாருக்கும் தெரியாமல் சாக்கை எடுத்து மடித்து வைத்துவிட்டு, 'சுத்தம் செய்தேன், சரியாகிவிட்டது' என்று எழுதினால் யாருக்கும் எந்தக் கெட்ட பேரும் இல்லை. ஒரு நாள்தானே.

திரையை அணைத்தாள். மீதி நாள் முழுக்க மூன்றாம் பெட்டியின் தட்டுகளைத் துடைத்தாள். அவை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன.

புதன்கிழமை மதியம் ஒரு மணிக்குத்தான் பஸ் அவளைத் தக்காளித் தோட்டத்தில் இறக்கியது. வரப்பில் நடக்கும்போதே பார்த்துவிட்டாள். செடிகளின் அடியில், கறுப்பு மண்ணின் மேல், யாரோ மஞ்சள் பொடியைத் தூவிவிட்டுப் போனது போலப் பூக்கள் கிடந்தன. அங்கங்கே ஆட்கள் தலையில் துண்டோடு, ஒன்றும் செய்யத் தோன்றாமல், தெளிப்பான்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாவி இல்லாத பூட்டை உடைப்போமா என்று ஒருவர் கேட்டதாகவும், மறுபடி பல் போக வேண்டுமா என்று மற்றவர்கள் தடுத்ததாகவும் பிறகு தெரிந்தது.

குடையம்மா கம்பத்தடியில் இருந்தார். முகம் கருத்துப் போயிருந்தது. காலடியில் வாளி.

"வந்தியாம்மா? நல்லவேளை. பெட்டிக்கு ஏதோ ஆயிடுச்சு போல. நானும் மூணு வேளைக்கு அஞ்சு வேளையா நனைச்சுப் பார்த்துட்டேன்."

பெட்டிக்காரி நேராகக் கம்பத்திடம் போனாள். சாக்கை எடுத்தாள். அது குளிர்ச்சியாக இருந்தது. அதை மண்ணில் போட்டுவிட்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பத்து நான்கு. பத்து நிமிடம் கழித்து நாற்பது.

உடனே சுற்றிலும் எல்லாப் போன்களும் அடித்தன. சட்டைப் பைகளில், மடிகளில், மரக்கிளையில் தொங்கிய பைகளில், இருபத்திரண்டு போன்கள். ஒன்றில் பாட்டு, ஒன்றில் கோழி கூவியது. 'வெப்ப எச்சரிக்கை, தெளிப்பு தொடங்குகிறது' என்று ஒரே பெண் குரல் எல்லாப் பக்கமிருந்தும் சொன்னது. தெளிப்பான்கள் சீறின. பூ இல்லாத செடிகளின் மேல் தண்ணீர் புகையாக இறங்கியது.

குடையம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. "அட, நீ தொட்டதும் சரியாயிடுச்சே!" என்று சிரிக்கக்கூடச் செய்தார். ஓடிவந்த வானொலிதான் முதலில் கண்டுபிடித்தார். கீழே கிடந்த சாக்கைக் காலால் புரட்டினார்.

"இதைப் பெட்டி மேல போட்டது யாரு?"

கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் சேர்ந்தது. கேள்வி கூச்சலானது. "மூணு நாளா நாங்க வெந்து சாகறோம், நீ பெட்டிக்கு ஒத்தடம் குடுத்துட்டு இருந்தியா?" என்று ஒருவர் கத்தினார். குடையம்மாவின் கண்கள் பெட்டிக்காரியிடம் வந்தன. ஒரே ஒரு முறை. 'நல்லாத்தான் இருக்குக்கா' என்று சொன்ன அந்த வாயைத்தான் பார்த்தார். பெட்டிக்காரி தலையைக் குனிந்து பையின் ஜிப்பை இழுத்தாள். ஏற்கெனவே மூடியிருந்த ஜிப்.

"நானாத்தான் போட்டேன்" என்றார் குடையம்மா. "யாரும் சொல்லலை. என் புத்தி."

மறுநாள் அலுவலகத்தில் சார் படிவத்தைத் திறந்து பார்த்தார். நல்ல மனிதர், திட்டவே தெரியாது. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"அனல் வர்றதுக்குப் பன்னிரண்டு நாள் முன்னாடி நீ போயிருக்கே. தடை 'இல்லை'ன்னு போட்டிருக்கே. படமும் சுத்தமா இருக்கு. அப்போ அதுக்கப்புறம்தான் அந்தம்மா மூடியிருக்காங்க. உன்மேல ஒண்ணும் வராது, பயப்படாதே. 'பயன்படுத்துபவரின் தவறு'ன்னு எழுதிடலாம்."

"அவங்களுக்கு ஏதாவது ஆகுமா சார்?"

"அது அவங்க சங்கத்தோட விஷயம். ஞாயித்துக்கிழமை காலையில கூடறாங்களாம். தொட்டியிலிருந்து அந்தம்மா பங்கை வெட்டிடணும்னு கொஞ்சம் பேர் குதிக்கிறாங்க. நீ போய் அறிக்கையைப் படிச்சுட்டு வந்துடு."

தொட்டிப் பங்கு போனால் குடையம்மாவின் அரை ஏக்கர் வெறும் மண். அது சாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சார் அச்சிட்ட தாளை அவளிடம் கொடுத்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னாள். எல்லாவற்றையும் அல்ல, சாக்கைப் பார்த்ததையும் 'நல்லாத்தான் இருக்கு' என்று சொன்னதையும் படிவத்தையும் மட்டும். அக்கா மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். ஒரு சட்டைக் கையை முடித்து, நூலைப் பல்லால் கடித்தாள்.

"சொன்னா வேலை போயிடுமா?"

"போகலாம். பொய்யான தகவல் குடுத்ததுன்னு ஆகும்."

"அப்போ சொல்லாதே."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் வேறொரு பதிலை எதிர்பார்த்திருந்தாள். அக்கா திட்டுவாள், 'போய் உண்மையைச் சொல்லுடி' என்பாள், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்திருந்தாள்.

"என்ன பார்க்கிறே? நான் நல்லவள்னு நினைச்சியா? அப்பாவுக்கு முழங்கால் போச்சு, இன்னும் எத்தனை மாசம் ஸ்டூல்ல உட்கார்ந்து பட்டனை அமுக்குவார்? எனக்கு அந்த அம்மா யாருன்னே தெரியாது. என்கிட்ட கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன். உனக்கு வேற பதில் வேணும்னா வேற ஆள்கிட்ட கேளு." அடுத்த கையைத் துணிக்குக் கீழே வைத்தாள். கொஞ்சம் கழித்து, மிஷினைப் பார்த்தபடியே, "அந்த அம்மாவுக்குப் பசங்க இருக்கா?" என்றாள்.

"இல்லை."

அந்தச் சட்டையின் தையலை அக்கா அன்று இரண்டு முறை பிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பம்ப் அறையில் இருபத்திரண்டு பேரும் இருந்தார்கள். சுவரோரம் உர மூட்டைகளின் மேல் கொஞ்சம் பேர், வாசற்படியில் கொஞ்சம் பேர். சங்கச் செயலாளர் மேசைக்குப் பின்னால் தீர்மானப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். குடையம்மா மூலையில், கக்கத்தில் குடையோடு, யாரும் பக்கத்தில் இல்லாமல் நின்றார்.

"அறிக்கையைப் படிம்மா" என்றார் செயலாளர்.

பெட்டிக்காரி தாளை விரித்தாள். முதல் இரண்டு வரி படித்தாள். 'பயன்படுத்துபவரின் தவறு' என்ற இடம் வந்தபோது நிறுத்தினாள். தாளை மடித்தாள்.

"நான் பார்த்தேங்க" என்றாள். "சாக்கு போட்டிருந்ததை நான் பார்த்தேன். அனல் வர்றதுக்குப் பன்னிரண்டு நாள் முன்னாடியே. அக்கா என்கிட்ட, சரியான்னு கேட்டாங்க. நான் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன். தப்புன்னு எனக்குத் தெரியும். படிவத்துல பொய்யாத்தான் போட்டேன். கூட்டத்துல நான் முழுசாச் சொல்லியிருந்தா அவங்க சாக்கே போட்டிருக்க மாட்டாங்க."

அறையில் சத்தம் எழுந்து அடங்கியது. எல்லோரும் குடையம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உண்மைதானா?" என்றார் செயலாளர்.

"உண்மைதான்."

"அப்போ அன்னைக்கே ஏன் சொல்லலை? நாங்க அத்தனை பேரும் அந்தக் கத்து கத்தினோமே."

குடையம்மா குடையைக் கை மாற்றிக்கொண்டார். "சின்னப் பொண்ணு. வேலைக்கு வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது. வாய் தவறி ஒண்ணு சொல்லிட்டா. எனக்கு ஒரு வெள்ளாமைதானே போச்சு, அவளுக்குப் பிழைப்பே போயிடும்னு நினைச்சேன்."

அதைக் கேட்டதும் அறையின் காற்றே மாறியது. உர மூட்டையிலிருந்து ஒரு கிழவர், "சரி விடுங்கப்பா, ரெண்டும் வேணும்னு பண்ணலை" என்றார். அன்று கத்தியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நகர்ந்து, குடையம்மாவுக்கு மூட்டையில் இடம் விட்டார். செயலாளர், பங்கை வெட்டும் பேச்சு இத்தோடு முடிந்தது என்று எழுதிக்கொண்டார். பெட்டிக்காரிக்கு மூச்சு வந்தது. எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது என்று நினைத்தாள். அப்போது வானொலி எழுந்தார்.

"நான் ஒண்ணு சொல்றேன். இந்தக் காலத்துல யாரு இப்படி நாலு பேர் நடுவுல வந்து ஒத்துக்குவா? என் மகன் சோப்பைத் தொலைச்சாக்கூட ஒத்துக்க மாட்டான். இந்தப் பொண்ணு செவ்வாய்க்கிழமை நான் ஒரு போன் போட்டேன், பாருங்க, என்ன ஏதுன்னு தெரியாமலே மறுநாளே வெயில்ல ஓடி வந்துச்சு. அது வந்து சாக்கை எடுக்கலைன்னா இருக்கிற பிஞ்சுகூட மிஞ்சியிருக்காது. அதுக்கு நாம நன்றி சொல்லணும்."

"ஆமாமா" என்றார்கள் இரண்டு மூன்று பேர். குடையம்மா அவளைப் பார்த்துச் சிரித்தார். புதன்கிழமைக்குப் பிறகு அந்த முகத்தில் அவள் காணும் முதல் சிரிப்பு.

பெட்டிக்காரியும் சிரிக்கத்தான் முயன்றாள். பேசாமல் இருந்தால் போதும். இதை யாரும் கேட்கவில்லை, எந்தப் படிவத்திலும் இதற்கு இடமில்லை, அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். ஆனால் அது அவளுக்குச் சேர வேண்டியதல்ல. அடுத்தவர் பையில் கை விட்ட மாதிரிக் கூசியது.

"இல்லைண்ணே" என்றாள்.

"என்ன இல்லை?"

"நீங்க போன் பண்ணினப்பவே எனக்குத் தெரியும். மத்த பெட்டியெல்லாம் நாப்பது, நாப்பத்தொண்ணுன்னு காட்டுச்சு; இது மட்டும் முப்பத்து நாலு. சாக்குதான்னு அந்த நிமிஷமே தெரிஞ்சுது. அக்கா நம்பர் என்கிட்ட இருந்தது. எடுத்துடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே தண்ணி வந்திருக்கும். நான் மாட்டிக்குவேன்னு பயந்து சொல்லலை. மறுநாள் வந்து யாருக்கும் தெரியாம எடுத்துடலாம்னு இருந்துட்டேன்."

வானொலி மெல்லத் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"எத்தனை மணிக்குப் போன் வந்துது?" என்று கேட்டார் செயலாளர். பேனாவை எடுத்திருந்தார்.

"பதினொண்ணே கால்."

"நீ சாக்கை எடுத்தது?"

"புதன்கிழமை ஒண்ணரை."

எழுதினார். குடையம்மாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. போக மறந்து நின்றது போலிருந்தது.

"அந்த ஒரு நாள் தண்ணி அடிச்சிருந்தா," என்றார் மெதுவாக, "எவ்வளவு பூ நின்னிருக்கும்?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். அந்தச் சொல் வாழ்க்கையில் முதல் முறையாக அவள் நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. மூன்று நாளாக வேறு எதையும் அவள் கணக்குப் போடவில்லை.

"திங்கட்கிழமையோட கீழ்க்கொத்துப் பூவெல்லாம் போயிருக்கும். போன் வந்தப்ப அதை ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. மேல்கொத்துல பாதி நின்னிருக்கும்க்கா."

"பாதி" என்றார் குடையம்மா.

"ஆமாக்கா."

"வாய் தவறிடுச்சுன்னு நினைச்சேன். இது வாய் தவறினது இல்லையே."

"இல்லைக்கா."

குடையம்மா மூட்டையிலிருந்து எழுந்தார். அடிப்பார் என்றுகூட யாரோ நினைத்திருக்கலாம்; இரண்டு பேர் பாதி எழுந்தார்கள். அவர் கதவருகே போய் நின்று, முகத்தைக் காட்டாமல் பேசினார்.

"இப்ப என்கூட வா. செடி செடியாக் காட்டு. எது உன்னால போச்சு, எது வெயில்ல போச்சுன்னு நான் தெரிஞ்சுக்கணும். இல்லைன்னா ஒவ்வொரு செடியைப் பார்க்கிறப்பவும் உன்னைத்தான் நினைப்பேன்."

இருவரும் வரப்பில் நடந்தார்கள். குடையம்மா முன்னால், அவள் பின்னால். முதல் வரிசையின் முதல் செடியருகே பெட்டிக்காரி மண்டியிட்டு உட்கார்ந்தாள். மேல்கொத்தை விரலில் தாங்கிப் பிடித்தாள். காம்பு முறிந்த இடங்கள் சின்னச் சின்ன முடிச்சுகளாக உலர்ந்திருந்தன.

"இதுல ஏழு பூ. நாலு நின்னிருக்கும்."

"ம்."

அடுத்த செடி.

"இதுல அஞ்சு. ரெண்டு நின்னிருக்கும். இல்லை... மூணு."

"சரியாச் சொல்லு."

"மூணு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அறையிலிருந்து மற்றவர்கள் கலைந்து அவரவர் தோட்டத்துக்குப் போனார்கள். போகிறபோது இந்தப் பக்கம் பார்த்தார்கள், யாரும் நிற்கவில்லை. சாருக்கு இந்நேரம் செயலாளரின் போன் போயிருக்கும். நாளைக்கு அலுவலகத்தில் என்ன நடக்கும் என்று நினைக்க அவளுக்கு இடமில்லை. ஒவ்வொரு கொத்திலும் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டியிருந்தது. குறைத்துச் சொன்னால் குடையம்மா கொத்தைத் தானே பிடித்துப் பார்த்தார். கூட்டிச் சொன்னபோதும் விடவில்லை. "உன்மேல அதிகமா எடுத்துப் போட்டுக்காதே. அதுவும் பொய்தான்" என்றார்.

முதல் வரிசை முடியும்போது அவள் தொண்டை வறண்டிருந்தது. பாவாடையில் மண். குடையம்மா தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. மொத்தம் பதினெட்டு வரிசைகள். அவள் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, இரண்டாவது வரிசையின் தலைமாட்டுக்குப் போய் மறுபடி உட்கார்ந்தாள்.

"இதுல ஆறுக்கா" என்றாள்.